ஐம்பதாம் நாள் உபசாரம்

ஃபர்ரோக்கின் வாயிலிருந்து 'இல்லை' என்ற சொல் வந்து யாரும் கேட்டதில்லை. யார் எதைக் கேட்டாலும் கையை நெஞ்சில் வைத்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "என் கண்ணு மேல" என்பான். அத்தோடு சரி. கேட்டவர் தெருமுனை திரும்புவதற்குள் கையும் இறங்கிவிடும், கேட்ட விஷயமும் மறந்துவிடும். ஈரானின் கஸ்வின் ஊர்க் கடைத்தெருவில் அவனைத் தங்கமான மனுஷன் என்று சொல்கிறவர்கள் நிறைய இருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட அவனோடு ஒரு வீட்டில் இருந்து அவன் சட்டையைத் துவைத்தவர் இல்லை. துவைத்தவள் அவன் தங்கை நுஸ்ரத்.

நுஸ்ரத்துக்கு நாற்பதை ஒட்டிய வயது. கல்யாணம் ஆகவில்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அண்ணன்தான் வந்து கூட்டிக்கொண்டு போனான். "இது உன் வீடும்மா. நாங்கதான் உன் விருந்தாளிங்க" என்று அக்கம்பக்கத்தார் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான். அன்றிலிருந்து வீட்டுக்காரி பாத்திரம் தேய்த்தாள், விருந்தாளிகள் காலை நீட்டிப் படுத்திருந்தார்கள். மிச்ச நேரத்தில் மாடியறையில் உட்கார்ந்து பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்தாள்.

புத்தாண்டுக்கு முந்தைய வாரம் கடைத்தெரு நடைபாதையில் சாயம் முக்கிய கோழிக்குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் குவித்து விற்பார்கள். பச்சை, ரோஸ், ஊதா என்று கடவுள் படைக்காத நிறத்தில் எல்லாம் இருக்கும். பிள்ளைகள் அழுவார்கள், அப்பன்கள் வாங்குவார்கள், ஒரு வாரத்தில் அவை குப்பைத் தொட்டிக்குப் போகும். அந்த வருஷம் ஃபர்ரோக்கின் மகள் தரானே அழுதாள். ஃபர்ரோக் ஒரு டஜன் வாங்கி வந்தான்.

அவன் மனைவி மஹ்வஷ் புத்தாண்டு விரிப்பில், முளைவிட்ட கோதுமைத் தட்டுக்கும் தங்கமீன் கிண்ணத்துக்கும் நடுவே குஞ்சுகளை வைத்துப் போட்டோ எடுத்தாள். மூன்றாவது போட்டோவுக்குள் ஒரு குஞ்சு விரிப்பில் பேண்டுவிட்டது.

"அய்யய்யோ! எங்கம்மா குடுத்த விரிப்பு! நுஸ்ரத், இந்தச் சனியன்களத் தூக்கிட்டுப் போ!"

"எங்க கொண்டு போக, அண்ணி?"

"எங்கயாவது. குளியலறைல போடு. ரெண்டு நாள்ல அதுவா செத்துப்போகும். சாயக்குஞ்சு எங்கயாச்சும் பொழச்சிருக்கா?"

நுஸ்ரத்துக்குக் கோழி என்றால் உயிர் என்றெல்லாம் கிடையாது. செத்துப்போகும் என்று அவ்வளவு லேசாகச் சொன்னதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. அட்டைப்பெட்டியை மாடிக்குத் தூக்கிப் போனாள். தையல் மெஷின் விளக்கைக் கழற்றிப் பெட்டிக்கு மேலே தொங்கவிட்டாள். அதற்குப் பிறகு ஜன்னல் வெளிச்சம் உள்ளவரைதான் தைக்க முடிந்தது. அவித்த முட்டையின் மஞ்சளைப் பொடித்து, குருணையோடு பிசைந்து வைத்தாள். பின்புறம் அடைத்துக்கொண்டு நின்ற குஞ்சுகளை வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்துவிட்டாள். ஊதாக் குஞ்சுகள் எல்லாம் செத்தன. பச்சையில் பாதி செத்தது. ஐந்து மிஞ்சியது. மிஞ்சியதை இனி யாரும் சாகவைக்க முடியாது என்பதுபோல் அவை தின்றன.

புத்தாண்டிலிருந்து பதின்மூன்றாம் நாள் ஊரே வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போகும். அன்றைக்கு வீட்டுக்குள் இருந்தால் வருஷம் முழுக்க விளங்காது என்பார்கள். ஃபர்ரோக் குடும்பம் போனது தூரான் கானுமின் தோட்டத்துக்கு.

அந்தத் தோட்டத்தின் கதையைச் சொல்லியாக வேண்டும். தூரான் பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள்; 'கானும்' என்பது பெண்களை மரியாதையாகக் கூப்பிடும் சொல். புருஷன் இல்லை, பிள்ளைகள் ஜெர்மனியில். ஊரைச் சுற்றியுள்ள பழைய தோட்டங்களில் ஒன்றில், வாதுமை மரங்களுக்கு நடுவே இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்தாள். சில வருஷங்களுக்கு முன்பு ஃபர்ரோக்கின் கார் அவள் வாசலில் சூடேறி நின்றுவிட்டது. தண்ணீர் கொடுத்தாள், டீ கொடுத்தாள். கிளம்பும்போது, "தோட்டம் உங்களோடது, எப்ப வேணாலும் வாங்க" என்றாள். அந்த ஊரில் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூடச் சொல்கிற வார்த்தை அது. யாரும் அதைக் கேட்டுவிட்டு மூட்டையைக் கட்டிக்கொண்டு வருவதில்லை. ஃபர்ரோக் அடுத்த வெள்ளிக்கிழமையே வந்தான், டீ கொதிக்கவைக்கும் சமோவார், கம்பளம், அடுப்பு, மச்சினன் குடும்பம் சகிதமாக. அதன் பிறகு வசந்தகாலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை தவறவில்லை. தான் சொல்கிற உபசாரம் எல்லாம் காற்று, பிறர் சொல்கிற உபசாரம் எல்லாம் பத்திரம். இதுதான் அவன் நியாயம்.

தூரான் கானுமும் லேசுப்பட்டவள் இல்லை. மனதுக்குள் அவர்களைக் கரித்துக் கொட்டிக்கொண்டே வாசலில் வந்து நின்று, "வாங்க, என் கண்ணு மேல கால வச்சு வாங்க" என்பாள். ஒருமுறை கேட்டைப் பூட்டிவிட்டு உள்ளே மூச்சுக்காட்டாமல் இருந்து பார்த்தாள். ஃபர்ரோக் ஹாரனை அடித்துக்கொண்டே நின்றான். கடைசியில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து, "அடடா, குளிச்சிட்டிருந்தேன்" என்றாள். தலைமுடி ஒன்றுகூட நனைந்திருக்கவில்லை. அதைப் பார்த்தது நுஸ்ரத் மட்டும்தான். ஆஸ்பத்திரியையே ஆட்டிப்படைத்த பொம்பளைக்கு ஒரு கேட்டைச் சாத்திவைக்கத் துப்பில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

பதின்மூன்றாம் நாள் மஹ்வஷ் வழக்கம்போல் நுஸ்ரத்தைப் புல்தரைக்கு இழுத்தாள்.

"புல்லுல முடிச்சுப் போடு நுஸ்ரத். அடுத்த வருஷம் மாப்பிள்ளையோட வரணும்."

"போன வருஷம் போட்டதே அவுந்திருக்காது அண்ணி."

"போடுன்னா போடேன். எல்லாரும் பாக்கறாங்கல்ல?"

எல்லோரும் பார்க்கத்தான் அது. இருபது வயசுப் பெண்கள் போடுகிற முடிச்சை நரைத்த தலையோடு குனிந்து போட்டாள். மச்சினன் குடும்பம் கை தட்டியது. பிறகு அவள் கீரைக்கஞ்சிச் சட்டியைத் தேய்க்கப் போனாள்.

அடுத்தடுத்த வெள்ளிக்கிழமைகளில் குஞ்சுகளும் காரில் வந்தன. வீட்டில் விட்டுவந்தால் யார் பார்ப்பது? சாயம் போய் அடியிலிருந்து வெள்ளை இறகு முளைத்தபோது, கழுவாத துணி மாதிரி திட்டுத்திட்டாக இருந்தன. தரானே "அசிங்கமா இருக்கு" என்று தொடமாட்டேன் என்றாள். தோட்டத்தில் பாய்ச்சிய தண்ணீர் வற்றிய ஈர மண்ணை அவை கிளறிக் கிளறிப் புழு தின்றன. நுஸ்ரத் கூப்பிட்டால் ஓடிவந்தன. அவள் கூப்பிட்டு யாரும் ஓடிவந்து அதுவரை அவள் பார்த்ததில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

ஐந்தும் சேவல். கொண்டை சிவந்தது. ஒரு நாள் விடிகாலையில் மொட்டைமாடியில் ஒன்று கூவப் பார்த்தது. துருப்பிடித்த கதவு திறப்பது மாதிரி ஒரு சத்தம். அன்று காலையே ஃபர்ரோக் மாடிக்கு வந்தான். அந்த அறைக்கு அவன் வந்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. ஒரு சேவலைக் காலைப் பிடித்துத் தூக்கிக் கையில் எடை பார்த்தான்.

"பரவால்லயே, நெஞ்சுல சதை வச்சிருக்கு."

"அண்ணே, அதக் கீழ விடு."

"ஐம்பதாம் நாளுக்குத் தோதா இருக்கும்ல?"

புத்தாண்டிலிருந்து ஐம்பதாம் நாள் மறுபடி ஊர் வெளியே போகும். மழை கேட்டுத் தொழுகை, அதன் பிறகு சமையல், ஆட்டம். வேறு எந்த ஊரிலும் இல்லாத வழக்கம் என்று கஸ்வின்காரர்களுக்குப் பெருமை.

"அண்ணே, இதுவர உங்கிட்ட நான் எதுவும் கேட்டதில்ல. இதுங்கள அறுக்க வேணாம். வேணும்னா கடைக் கோழிய வாங்கு, நான் ஊறவச்சுத் தர்றேன்."

ஃபர்ரோக் சேவலைக் கீழே விட்டான். கையை நெஞ்சில் வைத்தான். தலையைச் சாய்த்தான்.

"என் தங்கச்சி கேட்டு நான் மாட்டேன்னு சொல்லிருக்கேனா? என் கண்ணு மேல."

மாட்டேன் என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். சரி என்று சொன்னவனோடு எப்படிச் சண்டை போடுவது? ஐம்பதாம் நாளுக்கு முதல் நாள் கார் டிக்கியில் கரி மூட்டையும் புதிதாகச் சாணை பிடித்த கத்தியும் இருந்தன. கடைக் கோழி இல்லை.

"அண்ணி, கோழி வாங்கலையா?"

"வீட்ல அஞ்சு வச்சுக்கிட்டுக் கடைல வாங்குவாங்களா? வெங்காயத்த நறுக்கிட்டியா, எலுமிச்சை பிழிஞ்சியா?"

"அண்ணன் அறுக்கமாட்டேன்னு சொன்னாரு."

மஹ்வஷ் சிரித்தாள். கெட்ட சிரிப்புகூட இல்லை, நிஜமாகவே வேடிக்கையாக இருந்தது அவளுக்கு. "ஏம்மா, அந்த மனுஷன் சொல்றத நீ இன்னுமா நம்பற? நானே நிச்சயதார்த்தத்தோட நிறுத்திட்டேன்."

மறுநாள் தோட்டத்தில் காற்று அடித்தது. மழைக்கான அறிகுறியே இல்லாத வெளுத்த வானம். தூரான் கானும் வாசலில் வந்து நின்று, முழங்காலைப் பிடித்துக்கொண்டே, கண்ணு மேல கால வச்சு வரச் சொன்னாள். மச்சினன் குடும்பம் வாதுமை மரத்தில் ஊஞ்சல் கட்டியது. நுஸ்ரத் சமோவாரை மூட்டி, கீரைக்கஞ்சியை அடுப்பில் ஏற்றி, கீரைத்தண்டைத் தொட்டுத் தின்ன வினிகர்ப்பாகோடு தட்டில் அடுக்கி வைத்தாள். ஃபர்ரோக் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கத்தியோடு வந்தான்.

"நுஸ்ரத், தண்ணி காட்டு."

அறுக்கும் முன் வாயில் தண்ணீர் காட்டவேண்டும். அதுதான் முறை. குஞ்சிலிருந்து தண்ணீர் வைத்த கையாலேயே அதையும் வைக்கச் சொல்கிறானே என்று அவளுக்கு உடம்பு எரிந்தது. கிண்ணத்தைக் கொண்டுவந்து பெட்டியில் வைத்தாள். சேவல்கள் எப்போதும்போல் தலையைத் தூக்கித் தூக்கிக் குடித்தன. அவள் நகரவில்லை.

கம்பளத்தில் உட்கார்ந்திருந்த தூரான் கானும் எட்டிப் பார்த்தாள். ஏதாவது நல்லது சொல்லவேண்டுமே.

"மாஷா அல்லாஹ்! என்னா அழகு! பால் மாதிரி வெள்ளை."

ஃபர்ரோக் உடனே கத்தியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். "புடிச்சிருக்கா கானும்? உங்களுக்கே. எடுத்துக்குங்க."

"அய்யோ வேணாம். பிள்ளைங்க சாப்பிடட்டும்."

"சத்தியமா சொல்றேன், உங்க காலடிக்குக் காணிக்கை. உங்களுக்கு இல்லாததா?"

"உங்க கை குறையாம இருக்கணும் தம்பி. நான் ஒருத்தி, எனக்கெதுக்கு?"

இரண்டு பேருக்கும் ஆட்டம் தெரியும். அவன் கொடுப்பான், அவள் மறுப்பாள், மறுபடி கொடுப்பான், மறுபடி மறுப்பாள், பிறகு கோழி அடுப்புக்குப் போகும். தூரான் கானும் அதோடு நிறுத்தியிருக்கலாம். உபசாரத்தில் ஒரு படி இறங்கினால் அவளுக்குத் தூக்கம் வராது.

"சாயக்குஞ்ச இப்படி வளக்க ஒரு கை வேணும். என் வீட்ல இப்படி ஒருத்தி இருந்தா எனக்கென்ன கவலை?"

"நுஸ்ரத்தா?" ஃபர்ரோக் கத்தியில்லாத கையை நெஞ்சில் வைத்தான். "அவளும் உங்க அடிமைதான் கானும். இன்னிக்கே வச்சுக்குங்க."

மச்சினன் சிரித்தான். மஹ்வஷ் சிரித்தாள். தூரான் கானும், "அய்யோ, அவ எங்க தலைக்குக் கிரீடம்ல" என்று சொல்லி டீயை எடுத்தாள்.

நுஸ்ரத்துக்கு முதலில் முகம் சுட்டது. பிறகு சூடு அடங்கிச் சில்லென்று ஆனது. கோழியையும் அவளையும் ஒரே மூச்சில் கொடுத்துவிட்டான், கொடுக்கிற எண்ணம் துளியும் இல்லாமல். ஆனால் கொடுத்தது கொடுத்ததுதானே? இத்தனை பேர் காதால் கேட்டார்களே?

"சரி அண்ணே" என்றாள்.

"என்ன சரி?"

"நான் இருக்கேன். நீ குடுத்துட்ட, கானும் ஆசப்பட்டுட்டாங்க." பெட்டியை இரண்டு கையாலும் தூக்கினாள். "கானும், இதுக்கு மேல நீங்க மறுத்தீங்கன்னா எங்கண்ணன் மனசு நொந்துபோகும். அவருக்கு ரொம்ப இளகின மனசு."

ஊஞ்சல் மட்டும் ஆடியது. நுஸ்ரத் பெட்டியைக் கொண்டுபோய் வீட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கும் கொட்டகையில் வைத்துச் சாத்திவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் வந்து கஞ்சியைக் கிண்டினாள்.

ஃபர்ரோக் சிரித்துப் பார்த்தான். "பாத்தீங்களா கானும், எங்க வீட்டுத் தமாஷ!" கொட்டகைப் பக்கம் இரண்டு எட்டு வைத்தான். தூரான் கானும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொடுத்த பொருளை வாங்கியவள் கண் முன்னால் திரும்ப எடுக்க அந்த ஊரில் எவனுக்கும் முகம் கிடையாது. ஃபர்ரோக் பாதியில் நின்று, குனிந்து, செருப்பில் ஒட்டாத மண்ணைத் தட்டிவிட்டுத் திரும்பினான்.

மத்தியானம் கஞ்சியும் ரொட்டியும் தின்றார்கள். கரி வீணாக எரிந்து சாம்பலானது. "இறைச்சி இல்லாம ஒரு ஐம்பதாம் நாளா?" என்று மச்சினன் கேட்டுக்கொண்டே இருந்தான். மஹ்வஷ் நுஸ்ரத்தைத் தண்ணீர்த்தொட்டிப் பக்கம் மடக்கினாள்.

"போதும்டி உன் நாடகம். கோழிய நீயே வச்சுக்க, தொலையுது. சாயங்காலம் கார்ல ஏறு."

"நான் இங்கதான அண்ணி இருக்கப் போறேன்."

"ஊரு என்ன பேசும்?"

"அண்ணன் நல்லவர், கேட்டதும் தங்கச்சியையே குடுத்துட்டாருன்னு பேசும்."

"நாளைக்கு வீட்ல யாரு..." மஹ்வஷ் பாதியில் நிறுத்தினாள். மிச்சத்தை நுஸ்ரத்தே மனதில் முடித்துக்கொண்டாள். யாரு சமைப்பாங்க, யாரு தேய்ப்பாங்க, யாரு துவைப்பாங்க. உன்ன விட்டுட்டு எப்படி இருப்போம் என்று பொய்யாகக்கூட வரவில்லை. எல்லாவற்றுக்கும் பொய் இருந்த வீட்டில் அதற்கு மட்டும் பொய் இல்லை.

வெயில் சாய்ந்ததும் கம்பளத்தை உதறிக் காரில் ஏற்றினார்கள். நுஸ்ரத் கேட் பக்கத்தில் நின்றாள். ஃபர்ரோக் அவள் காதருகே வந்து பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏறுடி" என்றான். சத்தமாக, "என்னம்மா, கானுமுக்குத் தொந்தரவு குடுக்கலாமா?" என்றான்.

"தொந்தரவா கானும்?" என்று கேட்டாள் நுஸ்ரத்.

தூரான் கானும் மாட்டிக்கொண்டாள். அவள் வாய் தானாகத் திறந்தது. "சேச்சே, என் கண்ணு மேல இருக்கட்டும்."

கார் போனது. பின்கண்ணாடியில் தரானே கை ஆட்டினாள். புழுதி அடங்கியது. பிறகு தூரான் கானும் கல்லில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்தாள்.

"இங்க பாரு நுஸ்ரத். நான் சொன்னது உபசாரத்துக்கு."

"தெரியும்."

"எனக்குக் கோழி புடிக்காது. வீட்ல ஆள் இருந்தாலும் எரிச்சலா வரும். தனியா இருந்து பழகிட்டேன். ராத்திரி இருந்துட்டுக் காலைல போயிடு."

"சரி" என்றாள் நுஸ்ரத். அழுகை வரும்போல இருந்தது, ஆனாலும் அந்தப் பேச்சு அவளுக்குப் பிடித்திருந்தது. அவளிடம் இப்படி முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் இவள்தான்.

நுஸ்ரத் கொட்டகைக்குப் போகத் திரும்பும்போது கார் திரும்பி வரும் சத்தம் கேட்டது. கூட்டிக்கொண்டு போக வந்துவிட்டான். போகக்கூடாது என்று கால் தரையில் ஊன்றிக்கொண்டது. ஆனாலும் வந்துவிட்டானே என்று உள்ளே ஒரு மூலையில் ஏதோ துள்ளியது. அதற்காக அவளுக்கு அவள் மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஃபர்ரோக் இறங்கினான். அவளைத் தாண்டி வாதுமை மரத்தடிக்குப் போனான்.

"சமோவார விட்டுட்டுப் போயிட்டோம்" என்றான்.

நுஸ்ரத் போய், சமோவாரைச் சாய்த்து மிச்சத் தண்ணீரைக் கொட்டி, சாம்பலைத் தட்டி, துணியில் சுற்றி அவன் கையில் கொடுத்தாள். அவன் அதை டிக்கியில் வைத்துவிட்டு, தூரான் கானும் பக்கம் திரும்பிப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"மன்னிச்சுக்குங்க கானும், ரொம்பச் சிரமம் குடுத்துட்டோம். வெள்ளிக்கிழமை சீக்கிரமே வந்துர்றோம். மச்சினன் வீட்லயிருந்து இன்னும் நாலு பேரு வர்றாங்க."

தூரான் கானும் எழுந்து நின்றாள். தலை சாய்ந்தது. தோட்டம் உங்களோடது என்று சொல்ல உதடு குவிந்தது.

"வராதீங்க அண்ணே" என்றாள் நுஸ்ரத்.

"என்ன?"

"வெள்ளிக்கிழமை வராதீங்க. அதுக்கடுத்த வெள்ளிக்கிழமையும் வேணாம். இவங்களுக்குப் புடிக்கல. எனக்கும் புடிக்கல."

குரலில் கோபம் இல்லை. உப்பு இல்லை என்று சொல்வது மாதிரி சொன்னாள். ஃபர்ரோக் தூரான் கானுமைப் பார்த்தான், அவள் பதறி மறுப்பாள் என்று. தூரான் கானும் வாதுமை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் காதுமடல் சிவந்துபோய் காருக்குள் ஏறினான். கதவை இரண்டு தடவை அறைந்துதான் சாத்த முடிந்தது.

நுஸ்ரத் கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.

"காலைல போயிடுன்னு சொன்னேன்ல?" என்றாள் தூரான் கானும் பின்னாலிருந்து.

"ஆமா. போயிடறேன்."

"வேணாம், இரு. உன் தையல் மெஷின எடுத்துட்டு வர நாளைக்கு ஒரு ஆளப் பாக்கறேன்."